கூம்பு ஃபில்டரும் என் ஃபோர் நாட் செவனும்

போன பொங்கலுக்கு அக்கா மகன் சென்னையிலிருந்து வந்தப்ப கையில ஒரு டப்பா. "மாமா, உங்க ஃபோர் நாட் செவனுக்குக் கோல்ட் ஏர் இன்டேக் வாங்கிட்டு வந்திருக்கேன்"னான். பிரிச்சுப் பார்த்தா செவப்புத் துணியில கூம்பு மாதிரி ஒரு ஃபில்டர், பளபளன்னு ஒரு அலுமினியக் குழாய். விலை 4,800 ரூபாய். பழைய கறுப்பு டப்பாவைக் கழட்டிட்டு பானட்டுக்குள்ளயே இதை மாட்டிட்டா வண்டி பறக்குமாம்.

"வேண்டாம் மாப்ள, திருப்பிக் குடுத்துரு"ன்னேன். அவனுக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. அவனை மாதிரி பழைய ஜீப்பையும் வேனையும் வாங்கி ஆசையா மாத்துற பட்டணத்துப் பிள்ளைங்க நிறையப் பேர் இருக்கீங்க. உங்களுக்காகத்தான் இதை எழுதறேன். அந்தக் கூம்பு உங்க என்ஜினுக்கு எமன்.

முதல்ல பேரைப் பாருங்க. குளிர்ந்த காத்துன்னு பேரு. ஆனா அது உட்கார்ற இடம் ரேடியேட்டருக்குப் பின்னாடி, அனல் அடிக்கிற இடம். கோழிக்குஞ்சு பொரிக்கிற இன்குபேட்டர்ல ஒயர் வெச்ச தெர்மாமீட்டர் ஒண்ணு இருந்துச்சு. அதை பானட்டுக்குள்ள கட்டிட்டுப் பாச்சலூர் மலைப் பாதையில ஏத்திப் பார்த்தோம். வெளியில 33 டிகிரி, உள்ள 64. அந்தச் சூட்டுல காத்து விரிஞ்சு லேசாயிடும். அதே அளவு காத்தை இழுத்தாலும் நூத்துக்கு ஒம்பது பங்கு சரக்கு குறைவு. அடுப்புக்குள்ள மூக்கை விட்டுட்டு அதுக்குக் குளிர்ந்த காத்துன்னு பேர் வெச்சா ஆச்சா?

ரெண்டாவது, தூசி. என் வண்டி என்ஜின் ஏறக்குறைய 3 லிட்டர். ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை மூச்சிழுக்கும். 2,000 ஆர்பிஎம்ல ஓடினா நிமிஷத்துக்கு 3,000 லிட்டர் காத்து. முழு மூச்சு இழுக்காதுன்னு கழிச்சாலும் ரெண்டு சின்டெக்ஸ் டேங்குக்கு மேல வரும். எங்க ஊர் வண்டிப் பாதையில முன்னாடி ஒரு டிராக்டர் போனா, அந்தக் காத்து பூரா செம்மண். துணி ஃபில்டரோட கண்ணு பெருசு. காத்து சுலபமாப் போற வழியில பொடித் தூசியும் சுலபமாப் போகும். பந்தய வண்டிக்கு அது சரியா இருக்கலாம், பந்தயம் முடிஞ்சா என்ஜினைப் பிரிச்சுப் பார்க்க ஆள் இருக்கு. தக்காளிப் பெட்டி ஏத்துற வண்டிக்கு யார் இருக்கா?

எங்க பங்காளி ஒருத்தர் தன் பிக்கப்புக்கு இதே மாதிரி ஒண்ணு மாட்டினார். ரெண்டே தக்காளி சீசன்தான். வண்டி ஆயில் குடிக்க ஆரம்பிச்சுது. பிரிச்சா ரிங், லைனர் எல்லாம் தேஞ்சு போயிருக்கு. காத்து போற வழி பூரா செம்மண்ணும் ஆயிலும் கலந்து களிமண் மாதிரி அப்பியிருந்துச்சு. செலவு 70,000 ரூபாய். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல தக்காளி கிலோ எட்டு ரூபாய்க்குப் போன நேரம். எத்தனை பெட்டி வித்தா அந்தக் காசு வரும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

மூணாவது, "பவர் கூடும்". டர்போ இல்லாத பழைய டீசல் என்ஜின்ல பம்பு எவ்வளவு டீசல் விடுதோ அவ்வளவுதான் இழுவை. காத்து மட்டும் கூடினா வண்டி பறக்காது. ஆனா காத்து குறைஞ்சா டீசல் பாதி வெந்து கரும்புகையா வெளிய வரும். ஒரு லிட்டர் டீசல் முழுசா எரிய 10,000 லிட்டர் காத்து வேணும். அதனால நல்ல காத்து குடுத்தா கிடைக்கிற லாபம் பறக்குறது இல்ல, புகை குறையறது.

அந்த லாபத்துக்கு 4,800 ரூபாய் வேண்டியதில்ல. நாங்க செஞ்சதைச் சொல்றேன். பழைய ஃபில்டர் டப்பா அப்படியே இருக்கு. பேப்பர் ஃபில்டர் மட்டும் புதுசு, 450. டப்பாவோட வாய்க்கு இருந்த ரப்பர் எப்பவோ கிழிஞ்சு, பானட்டுச் சூட்டைத்தான் இத்தனை நாளும் குடிச்சிட்டு இருந்திருக்கு. காயலான் கடையில 3 அங்குல இரும்புக் குழாய் 350. ரப்பர் பெண்டு ரெண்டு 560, கிளாம்ப் நாலு 160, வெல்டிங் கூலி 300. ஆக 1,820 ரூபாய், ஒரு ஞாயித்துக்கிழமை. குழாயைக் கேபின் ஓரமா மேல ஏத்தி, கூரை உயரத்துல வாயை வெச்சோம். டிராக்டர்ல காத்துக் குழாய் மேல நீட்டிட்டு நிக்குதே, அதே கணக்கு. உயரப் போகப் போகத் தூசி குறைவு.

செய்யறவங்க நாலு விஷயம் மறக்காதீங்க. குழாய், டப்பாவோட வாயை விடச் சின்னதா இருக்கக் கூடாது. வாய்க்கு மழைத்தொப்பி வேணும், அடி வளைவுல தண்ணி வடிய ஒரு சின்ன ஓட்டை வேணும். தண்ணியை அமுக்க முடியாது, சிலிண்டருக்குள்ள போனா கனெக்டிங் ராடு வளைஞ்சுரும். பிவிசி பைப் வேண்டாம், என்ஜின் சூட்டுல இளகிரும். ஃபில்டருக்கும் என்ஜினுக்கும் நடுவுல வெடிச்ச ரப்பரை மட்டும் மாத்துங்க, வேற எதுலயும் கை வைக்காதீங்க.

கடைசியா, வண்டியை ஐடில்ல விட்டு, மேல் வாயை ஒரு பலகையால மூடுங்க, கையை வைக்காதீங்க. என்ஜின் திணறி நின்னா வேலை சுத்தம். நிக்காம ஓடினா எங்கயோ திருட்டுக் காத்து போகுது. வடியற ஓட்டையையும் விரலால அடைச்சுட்டுத்தான் பார்க்கணும்.

அதே மலைப் பாதையில இப்ப ரெண்டாம் கியர்ல ஏறுறப்ப, கண்ணாடியில பின்னாடி வர்ற வண்டி தெரியுது. முன்னெல்லாம் புகைதான் தெரியும். இந்த வருஷ எஃப்சியில புகை டெஸ்ட் முதல் தடவையே பாஸ்.

பழைய வண்டின்னாலே புகை, அதைக் காயலான் கடைக்கு அனுப்பணும்னு நீங்க எழுதறதை நானும் படிக்கிறேன். புது வண்டிக்கு மாசத் தவணை கட்ட எனக்கு வழியில்ல. இந்த வண்டி நின்னா தக்காளி தோட்டத்துலயே அழுகும். வண்டியைக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி அது எங்கேருந்து மூச்சு விடுதுன்னு பானட்டைத் தூக்கி ஒரு தடவை பாருங்க.

மாப்ள அந்த டப்பாவைத் திருப்பிக் குடுத்துட்டான். வந்த காசுல அவன் ஜீப்புக்கும் ஒரு குழாய் போடணுமாம். அடுத்த மாசம் லீவு போட்டுட்டு வர்றேன்னு சொல்லியிருக்கான்.