பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

‘கான்கார்ட்’ வீடியோ கேமை உருவாக்கிய ஃபயர்வாக் ஸ்டுடியோவை இழுத்து மூடுவதென்ற சோனியின் முடிவை எந்தக் கோணத்தில் பார்த்தாலும் ஏற்க முடியவில்லை. 2024 ஆகஸ்ட் 23-இல் வெளியான கேம் செப்டம்பர் 6-இல் நிறுத்தப்பட்டது. வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பியது. அதுவரை குறை சொல்ல எதுவுமில்லை. விலைபோகாத சரக்கைக் கடையிலிருந்து எடுத்தே ஆக வேண்டும். ஆனால், அக்டோபர் கடைசியில் நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியர்களையும் புரோகிராமர்களையும் வீட்டுக்கு அனுப்பினார்களே, அது என்ன நியாயம்?

இந்தத் தோல்விக்கு வழிவகுத்த முடிவுகளில் எத்தனை அந்த ஊழியர்களுடையவை? 2023 ஏப்ரலில் ஃபயர்வாக்கை விரும்பி வாங்கியது சோனிதான். என்ன விலை கொடுத்தது என்பதைக்கூட அது வெளியிடவில்லை. ஓவர்வாட்ச் 2, வேலரன்ட் போன்ற கேம்கள் எல்லாம் இலவசமாகக் கிடைத்த சந்தையில், ஐவருக்கு ஐவர் சுட்டுக்கொள்ளும் அதே வகை ஆட்டத்துக்கு 40 டாலர் விலை. அந்த விலைச்சீட்டை ஒட்டியது கதாபாத்திரங்களுக்கு உடை வரைந்தவரா? ஆட்டம் எப்படி இருக்கும் என்று முழுதாகக் காட்டியதே 2024 மே மாதக் கடைசியில்; விற்பனையோ மூன்றே மாதத்தில். ஜூலையில் சோதனைக்குத் திறந்துவிட்டபோதே கூட்டம் சேரவில்லை. அப்போதாவது நிறுத்தி யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. ‘பிளாக் மித்: வுகாங்’ வெளியாகி மூன்று நாளில் ஒரு கோடிப் பிரதிகள் விற்ற அதே வாரத்தில் கான்கார்டைக் களத்தில் இறக்கினார்கள். ஸ்டீம் என்னும் கணினி கேம் தளத்தில் ஒரே நேரத்தில் ஆடியவர்களின் உச்ச எண்ணிக்கை 697. நம்மூர்க் கல்யாண மண்டபங்களில் இதைவிட அதிகக் கூட்டம் சேரும்.

நவம்பரில் நடந்த நிதிநிலைக் கூட்டத்தில் சோனி மேலிடம் வாய் திறந்தது. பயனர் சோதனைகளை இன்னும் முன்கூட்டியே செய்திருக்க வேண்டுமாம். வெளியீட்டுத் தேதியையும் பொருத்தமாகத் தேர்ந்திருக்கலாமாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். சோதிப்பதும் தேதி குறிப்பதும் யார் பொறுப்பு? பிழை எங்கே நடந்தது என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு, அதைச் செய்தது யார் என்று சொல்ல மட்டும் நா எழவில்லை.

இவர்களுக்கு இது முதல் சறுக்கலும் அல்ல. 2026 மார்ச்சுக்குள் 12 லைவ் சர்வீஸ் கேம்கள் (தொடர்ந்து புதுப்பிக்கப்படும் ஆன்லைன் ஆட்டங்கள்) என்று முழங்கிவிட்டு, 2023 நவம்பரில் சத்தமில்லாமல் ஆறாகக் குறைத்தார்கள். அடுத்த மாதமே ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ ஆன்லைன் கேம் கைவிடப்பட்டது. 360 கோடி டாலர் கொட்டி வாங்கிய பங்கி நிறுவனத்தில் 2024 ஜூலையில் மட்டும் 220 பேருக்கு வேலை போனது. அதே ஆண்டு பிப்ரவரியில் லண்டன் ஸ்டுடியோவுக்கு மூடுவிழா அறிவித்தார்கள். சோனியின் கேம் பிரிவான பிளேஸ்டேஷன் முழுவதும் ஏறத்தாழ 900 பேர் வெளியேற்றம். உருப்படியாக ஓடிய ‘ஹெல்டைவர்ஸ் 2’-ஐயாவது சும்மா விட்டார்களா? பிளேஸ்டேஷன் கணக்கு கட்டாயம் என்று மே மாதத்தில் ஆணையிட்டார்கள். இலங்கை உள்ளிட்ட பல நாடுகளில் அந்தக் கணக்கைத் தொடங்கவே வழியில்லை என்பது ஆணையிட்டவர்களுக்கு உறைக்கவில்லை. ஆட்டக்காரர்கள் கொந்தளித்த பிறகு சில நாட்களிலேயே பின்வாங்கினார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2021-இல் இதே நிறுவனம் ஜப்பான் ஸ்டுடியோவைக் கலைத்தபோது எஞ்சிய சிறு குழு, டீம் அசோபி. அவர்களின் ‘ஆஸ்ட்ரோ பாட்’, கான்கார்ட் அணைக்கப்பட்ட அதே செப்டம்பர் 6-இல் வெளியாகி, இரண்டு மாதத்துக்குள் 15 லட்சம் பிரதிகள் விற்றது. இவர்கள் கண்டுகொள்ளாத திசையிலிருந்துதான் இவர்களுக்கே மானம் காக்கும் கேம் வந்தது.

லைவ் சர்வீஸ் மோகத்தை வளர்த்தவர்களில் ஒருவர் மரியாதையோடு ஓய்வுபெற்றுவிட்டார். இன்னொருவருக்கு 2024-இலேயே பதவி உயர்வு. ஊழியர்களுக்கோ வேலைநீக்கக் கடிதம். நஷ்டக் கணக்கு மேல்மாடியிலும் கேட்கப்பட வேண்டும்; அதற்கு உரிய ஏற்பாட்டைச் சோனி இனியாவது செய்ய வேண்டும். கான்கார்ட் கவிழ்ந்தபோதே மாரத்தான், ஃபேர்கேம்ஸ் என்று அடுத்தடுத்த லைவ் சர்வீஸ் பந்தயங்கள் தயாரிப்பில் இருந்தன. அவையும் கவிழ்ந்தால் யாருடைய வேலை போகும் என்பது அங்கே உழைத்தவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கும்.