ஈசிஜி நார்மல்தான். ஆனா ‘ஒண்ணும் இல்ல’ன்னு சொல்லாதீங்க

கொஞ்சம் நீளமான த்ரெட். பாதி நைட் டூட்டி முடிஞ்சு வந்ததும் எழுதினது, மீதி மதியம் தூங்கி எழுந்து எழுதினது. பொறுமையா படிங்க. (நோயாளி யாருன்னு தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

ராத்திரி மணி ரெண்டே கால். 27 வயசுப் பையன். நண்பர் ஒருத்தர் பைக்ல பின்னாடி உக்கார வெச்சுக் கூட்டிட்டு வந்தார். ஒரு கை நெஞ்சை அழுத்திப் பிடிச்சிருக்கு. இன்னொரு கையில விரலெல்லாம் குவிஞ்சு மடங்கி விறைச்சு நிக்குது. வேர்த்துக் கொட்டுது. “மேடம், ஹார்ட் அட்டாக்தான் இது. அம்மாவுக்கு போன் பண்ணிடவா?”

ஈசிஜி எடுத்தோம், நார்மல். ஆக்சிஜன் 100. சுகர் சரியா இருக்கு. பிபி மட்டும் 150/90. கொஞ்ச நேரம் விட்டு மறுபடி ஒரு ஈசிஜி, அதுவும் நார்மல். அதுக்குள்ள விரல்களும் தானா விரிஞ்சிடுச்சு.

வெளிய ஒரு விஷம் குடிச்ச கேஸ் காத்திருந்தது. நான் சொன்னது இவ்வளவுதான்: “ஒண்ணும் இல்ல தம்பி. டென்ஷன்தான். போய் நல்லா தூங்குங்க.”

அந்த ‘ஒண்ணும் இல்ல’வுக்காகத்தான் இந்த த்ரெட்டே.

ஆறு வாரம் கழிச்சு அதே பையன் திரும்ப வந்தார். இந்தத் தடவை கையில மஞ்சப்பை. உள்ள எக்கோ, டிரெட்மில், எண்டோஸ்கோப்பி, முழு உடல் பரிசோதனைன்னு கத்தை கத்தையா ரிப்போர்ட். கேஸ் ட்ரபுள் மாத்திரை மூணு வகை, சத்து மாத்திரை ரெண்டு வகை. நண்பர்கிட்ட கடன் வாங்கி 22,000 ரூபாய் செலவு பண்ணியிருக்கார். ரிப்போர்ட் எல்லாம் நார்மல். பார்த்த டாக்டர்கள் எல்லாரும் சொன்னதும் நான் சொன்ன அதே வார்த்தை.

“ஒண்ணும் இல்லைன்னா ஏன் மேடம் வலிக்குது?”

எங்கிட்ட பதில் இல்ல. நான் முழிச்சிட்டு இருந்தப்போ அவர் பாக்கெட்ல போன் அடிச்சது. விரல்ல பல்ஸ் ஆக்சிமீட்டர் மாட்டியிருந்தது. போனை எடுத்து யார்னு பார்த்தார், கட் பண்ணினார். மறுபடி அடிச்சது. 84-ல இருந்த பல்ஸ் 97, 109, 121-ன்னு ஏறுறதை நானும் சிஸ்டரும் நின்னு பார்த்தோம்.

“யார் தம்பி அது?”

“பிராஞ்ச் மேனேஜர் மேடம்.”

தனியார் ஃபைனான்ஸ்ல கலெக்‌ஷன் வேலை. காலையில 7 மணிக்கு மகளிர் குழு சென்டர் மீட்டிங்ல ஆரம்பிச்சு ராத்திரி 9 வரைக்கும் வீடு வீடாப் போகணும். கடன் கட்ட முடியாத அக்காக்கள் இவரைத் திட்டுவாங்க. வசூல் ஆகலைன்னா மேனேஜர் திட்டுவார். பாக்கி நிக்கிற தொகையை சில மாசம் இவரே கையில இருந்து போட்டிருக்கார். ராத்திரி 11 மணிக்கு குரூப்ல யார் யாருக்கு எவ்வளவு பாக்கின்னு லிஸ்ட் வரும், இவர் பேருக்கு சிவப்புல கோடு போட்டு.

இதை எந்த எக்கோவும் காட்டாது. நாங்களும் யாரும் கேட்கல.

இப்ப அந்தக் கேள்விக்கு வருவோம். ஏன் வலிக்குது?

நாய் துரத்தினா என்ன ஆகும்? மூளை ஆபத்துன்னு முடிவு பண்ணி அட்ரினலினை இறக்கிவிடும். இதயம் வேகமாகும். ஓடுறதுக்குத் தயாரா தசையெல்லாம் இறுகும். வயித்துக்குப் போற ரத்தம் குறைஞ்சு கை காலுக்குத் திரும்பும். ரெண்டு நிமிஷத்துல நாய் போயிடும், உடம்பு பழைய நிலைக்கு வந்துடும். ஆனா மேனேஜரோட வாட்ஸ்அப் ரெண்டு நிமிஷத்துல போறதில்ல. காலை ஏழுல இருந்து ராத்திரி பதினொண்ணு வரைக்கும் அந்த நாய் நிக்குது. நீங்க ஓடவும் முடியாது, திருப்பிக் குரைக்கவும் முடியாது. உக்காந்த இடத்துலயே உடம்பு ஓடிட்டு இருக்கும்.

நாள் முழுக்க இறுகி இருக்கிற தசை வலிக்கத்தான் செய்யும். நெஞ்சு விலா எலும்புக்கு நடுவுல இருக்கிற தசையா இருந்தா அது ‘நெஞ்சு வலி’. கழுத்து, பின்மண்டையில இருந்தா தலையைச் சுத்தி கயிறு கட்டின மாதிரி தலைவலி. தாடையில இருந்தா தூக்கத்துல பல்லைக் கடிப்பாங்க, காலையில வாயைத் திறக்கவே வலிக்கும்.

அந்தப் பையனோட விரல் மடங்கினதுக்கு வருவோம். பயத்துல மூச்சு வேகமா, ஆழமா வாங்கும்போது ரத்தத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு தேவைக்கு மேல வெளிய போயிடுது. ரத்தத்தோட காரத்தன்மை கூடுது. அப்போ ரத்தத்துல சுதந்திரமா சுத்திட்டு இருந்த கால்சியத்துல ஒரு பங்கு அல்புமின் புரதத்தோட ஒட்டிக்குது. நரம்புக்குக் கிடைக்கிற கால்சியம் குறைஞ்சதும் உதட்டைச் சுத்தி, விரல் நுனியில சுர்ருனு ஊசி குத்தும். இன்னும் போனா விரல் மடங்கி இழுத்துக்கும். மூளைக்குப் போற ரத்தக்குழாயும் கொஞ்சம் சுருங்குறதால தலை சுத்தும், கண்ணு இருட்டும். “மூச்சே உள்ள போகல”ன்னு நோயாளி சொல்லுவார், மெஷின் ஆக்சிஜன் 100-னு காட்டும். ரெண்டும் உண்மை.

நடிப்புன்னு நினைச்சா ஒரு தடவை உங்க கால்சியத்தை அப்படி இறக்கிப் பாருங்க.

வயித்து விஷயம் தனிக்கதை. வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி மூணு தடவை பாத்ரூம், ஞாயித்துக்கிழமை மட்டும் சுத்தமா சரியா இருக்கும். ‘வயித்துல புளியைக் கரைக்குது’ன்னு நம்ம பாட்டிங்க சொன்னதை விட சரியா எந்த டெக்ஸ்ட்புக்கும் சொல்லல. பயம் குடலுக்குப் போகும்னு இந்த மொழிக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கு.

இதை எழுதுற டாக்டருக்குத் தெரியல. கேஷுவாலிட்டியில தொடர்ந்து 24 மணி நேரம், சில நாள் 36 மணி நேரம் டூட்டி பார்த்த ஒரு வருஷத்துல ஒவ்வொரு நைட் டூட்டிக்கு முன்னாடியும் எனக்கு வயித்தால போகும். அமீபியாசிஸ்னு நானே முடிவு பண்ணி மெட்ரோனிடசோல் ரெண்டு கோர்ஸ் முழுங்கினேன். லீவு போட்டு ஊருக்குப் போன நாலாவது நாள்தான், மாத்திரை இல்லாமலேயே சரியா இருக்கேன்னு கவனிச்சேன்.

“இந்தக் காலத்து பசங்களுக்குத் தாங்குற சக்தியே இல்ல, எங்க காலத்துல இதெல்லாம் ஏது”ன்னு ஒரு கூட்டம் வரும். அவங்களுக்கு ஒரு பழைய கதை. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்தப்போ சிப்பாய்கள் படபடப்பு, நெஞ்சு வலி, மூச்சு முட்டுறதுன்னு ஆஸ்பத்திரிக்கு வந்துட்டே இருந்தாங்க. ஜேக்கப் டா கோஸ்டான்னு ஒரு டாக்டர் அவங்களைப் பரிசோதிச்சுப் பார்த்து 1871-ல கட்டுரை எழுதினார். இதயத்துல வெளிப்படையா எந்தக் கோளாறும் இல்ல, ஆனா தொந்தரவு நிஜம். அதுக்கு இன்னைக்கும் டா கோஸ்டா சிண்ட்ரோம்னு பேர் இருக்கு. போர்க்களத்துல துப்பாக்கி தூக்கி நின்னவங்க அவங்க. தாங்குற சக்தி இல்லாதவங்களா?

ஆனா இதுக்கு நேரெதிரா ஒரு தப்பு இருக்கு. அது இதை விட ஆபத்து.

துணிக்கடையில வேலை பார்க்கிற 24 வயசுப் பொண்ணு. படபடப்பு, மூச்சு வாங்குது, தலை சுத்துது. ரெண்டு இடத்துல ‘டென்ஷன்’னு சொல்லி அனுப்பியிருக்காங்க. கண்ணோட கீழ் இமையை இறக்கிப் பார்த்தா வெள்ளைத் தாள் மாதிரி இருக்கு. ஹீமோகுளோபின் 6.2. மாசாமாசம் எட்டு நாள் ரத்தப்போக்கு, யாரும் கேட்கல, அவளும் கூச்சப்பட்டுச் சொல்லல. இந்தப் பொண்ணை நான் மூச்சுப் பயிற்சி பண்ணச் சொல்லியிருந்தா?

அதனால மனசுன்னு சொல்றதுக்கு முன்னாடி உடம்பை ஒரு தடவை ஒழுங்காப் பார்த்துடணும். ஈசிஜி, ஹீமோகுளோபின், தைராய்டு, சுகர். இதுக்கு 22,000 ரூபாய் வேண்டாம், அரசு மருத்துவமனையிலயே முடியும். மாடி ஏறினா வந்து, நின்னா குறையுற நெஞ்சு வலி, இடது கை, தாடைக்குப் பரவுற வலி, மயங்கி விழுறது, சுவிட்ச் போட்ட மாதிரி திடீர்னு ஆரம்பிச்சு திடீர்னு நிக்கிற படபடப்பு, மலத்துல ரத்தம், காரணமில்லாம எடை குறையுறது, குடும்பத்துல சின்ன வயசுல திடீர் மரணம் - இதுல ஒண்ணு இருந்தாலும் ‘டென்ஷன்’னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. நம்ம ஊர்ல மாரடைப்பு முப்பதுகள்லயே வருது. நெஞ்சு வலின்னா ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் வாங்க. நார்மல்னு வந்தா நாங்க ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டோம்.

அப்புறம் நாளுக்கு ஆறு காபி, அதுக்கு நடுவுல சிகரெட், சனிக்கிழமை சரக்குன்னு இருந்துட்டு படபடப்புன்னு வந்தா முதல்ல அதைத்தான் கேட்பேன்.

எல்லாம் பார்த்தாச்சு, நார்மல். அப்போ என்ன சொல்லணும்? நான் இப்போ சொல்றது இது: “உங்க இதயம் நல்லா இருக்கு. வலி நிஜம். அது எங்கிருந்து வருதுன்னு படம் போட்டுக் காட்டுறேன், உக்காருங்க.” அஞ்சு நிமிஷம் ஆகும். ஓபியில இருநூறு பேர் நிக்கிறப்போ அந்த அஞ்சு நிமிஷம் எவ்வளவு பெருசுன்னு எனக்கும் தெரியும். ஆனா அதைக் கொடுக்காததாலதான் ஒரே ஆள் மூணு தடவை வர்றார்.

படபடப்பு வந்த நேரத்துல மூச்சை நாலு எண்ணி உள்ள இழுத்து, ஆறு எண்ணி வெளிய விடுங்க. வெளிய விடுறது மெதுவா இருக்கணும், அதுதான் முக்கியம். பேப்பர் கவரை மூக்குல வெச்சு மூச்சு விடச் சொல்ற பழைய வைத்தியம் வேண்டாம். அது ஆஸ்துமாவாவோ இதயப் பிரச்சினையாவோ இருந்தா ஆக்சிஜன் குறைஞ்சு ஆபத்தாகும்.

நண்பர் கொடுத்தார், மெடிக்கல்ல கிடைச்சதுன்னு அல்பிரசோலம் போடாதீங்க. போட்ட அன்னைக்கு சொர்க்கமா இருக்கும், சில வாரத்துல அது இல்லாம தூக்கம் வராது. புரோப்ரனலாலும் அப்படித்தான், ஆஸ்துமா இருக்கிறவங்க தொடவே கூடாது. மனநல டாக்டர் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிற மாத்திரைகள் வேற. அதுல பலது வேலை செய்ய ரெண்டுல இருந்து நாலு வாரம் ஆகும், முதல் வாரம் கொஞ்சம் பதட்டம் கூடக்கூட செய்யும். மூணாவது நாள் ‘கேட்கல’ன்னு தூக்கிப் போட்டுடாதீங்க. பேச்சு வழி சிகிச்சையும் நல்லா பலன் தருது.

அந்தப் பையனுக்கு மனநலப் பிரிவுன்னு ஓபி சீட்டுல எழுதினப்போ கையைப் பிடிச்சுட்டார். “அதை மட்டும் எழுதாதீங்க மேடம். பொண்ணு பார்த்துட்டு இருக்காங்க.” மாவட்ட தலைமை மருத்துவமனையில மனநல ஓபி இருக்கு, காசு கிடையாது. போக வெக்கமா இருந்தா 14416-க்கு போன் பண்ணுங்க. டெலி மானஸ், 2022-ல ஆரம்பிச்சது, 24 மணி நேரமும் தமிழ்ல பேசலாம், இலவசம். எல்லாருக்கும் இதை சொல்றேன், சொல்லிட்டு ஒரு உறுத்தலும் இருக்கு.

ஏன்னா மேனேஜர் போனுக்கு எங்கிட்ட மாத்திரை இல்ல. உலக சுகாதார நிறுவனம் 2019-ல ‘பர்ன்அவுட்’டைத் தன்னோட பட்டியல்ல விளக்கினப்போ அதை நோய்னு சேர்க்கல, வேலையிடம் சார்ந்த நிலைன்னுதான் சேர்த்தாங்க. கம்பெனிகளோ வருஷத்துக்கு ஒரு தடவை யோகா வகுப்பு வெச்சு போட்டோ எடுத்துப் போடுறாங்க. கடைகள்ல நிக்கிறவங்களுக்கு உக்கார வசதி கொடுக்கணும்னு 2021-ல தமிழ்நாட்டுல சட்டத்தையே திருத்தினாங்க. வேலை நேரம் முடிஞ்சதும் தொழிலாளி போனை ஓரமா வைக்கிற உரிமை பிரான்ஸ்ல 2017-ல இருந்து சட்டத்துல இருக்கு. இங்க அப்படி ஒண்ணு வர்ற வரைக்கும் நாங்க ஈசிஜி எடுத்துட்டே இருக்கணும்.

“வேலையை விட்டுடு”ன்னு சொல்ல எனக்கு வாய் வரல. பைக் இஎம்ஐ, தங்கச்சி காலேஜ் ஃபீஸ் எல்லாம் அவர் தலையில. மனநல ஓபிக்குப் போனார், மாத்திரை எடுக்குறார். ராத்திரி 9 மணிக்கு மேல அந்த குரூப்பை ம்யூட்ல போடுறதுன்னு ஒரு முடிவு, அதுக்கே ரெண்டு வாரம் தைரியம் சேர்க்க வேண்டியிருந்தது. போன மாசம் வந்தப்போ வலி பாதியா குறைஞ்சிருக்குன்னார். வேற வேலை தேடிட்டு இருக்கார். எதுக்கும் ஒரு ஈசிஜி எடுத்துடலாமா மேடம்னு கேட்டார். எடுத்தேன்.

நாளைக்கும் நைட் டூட்டிதான். கேள்வி இருந்தா போட்டு வைங்க, காலையில வந்து பதில் சொல்றேன். மருந்து பேரு மட்டும் இங்க கேட்காதீங்க, ஆளைப் பார்க்காம எழுத மாட்டேன்.