லாரி சாய்ந்தால் யார் பொறுப்பு?

பெங்களூரில் தண்ணீர்ப் பஞ்சம் என்றால் திருச்செங்கோட்டு போர்வெல் லாரிகளுக்கு ஓய்வில்லை. 2024 கோடையில் நகரின் 13,900 ஆழ்குழாய்க் கிணறுகளில் 6,900 வற்றிவிட்டதாக கர்நாடகத் துணை முதல்வர் சிவகுமாரே சொன்னார். ஆயிரம் அடியைத் தாண்டித் துளையிடுவது அங்கே அதிசயமல்ல. ஆழம் கூடக்கூட, உள்ளே இறங்கும் இரும்புத் தண்டுகளின் பளுவும் கூடுகிறது. அதைத் தாங்குவது லாரி மேல் நிமிர்த்திய கோபுரம். கோபுரத்தைத் தாங்குவது தரையில் ஊன்றிய ஜாக்கிகள்.

ஆபத்து அங்கேதான். கோபுரம் நிமிர்ந்ததும் வண்டியின் எடை மையம் மேலே ஏறிவிடுகிறது. துளையிலிருந்து காற்றோடு பீறிடும் சேறும் நீரும் ஜாக்கி நிற்கும் மண்ணையே ஊறவைக்கின்றன. காலையில் கெட்டியாக இருந்த தரை, தண்ணீர் கிடைத்து எல்லோரும் மகிழும் நேரத்தில் இளகிப்போகிறது. ஏரியோரம் மண் கொட்டி நிரப்பிய மனை என்றால் கேட்கவே வேண்டாம். ஜாக்கி ஓரங்குலம் இறங்கினால் கோபுர உச்சி அதைப்போல் சில மடங்கு சாயும். பக்கத்தில் மின்கம்பி இருந்தால் ஆபத்து இரட்டிப்பு.

பரிகாரத்துக்குப் பெரிய செலவில்லை. ஜாக்கிக்கு அடியில் அகலமான பலகை, சேறு வழிந்தோட ஒரு வாய்க்கால், வண்டியை நகர்த்துமுன் கோபுரத்தை மடிக்கும் பொறுமை. ஆனால் அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசும் தொழிலில் முதலில் பலியாவது இந்தப் பொறுமைதான்.

சட்டம் என்ன செய்கிறது? 1996ன் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் பத்துப் பேராவது வேலை செய்யும் இடங்களுக்கே பொருந்தியது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் பொதுவாக அதே கணக்கைத்தான் வைத்திருக்கிறது. ஒரு போர்வெல் லாரியோடு வருபவர்கள் பெரும்பாலும் பத்துப் பேர் இருப்பதில்லை. கைவிட்ட துளைகளில் குழந்தைகள் விழுவதைத் தடுக்க 2010ல் உச்ச நீதிமன்றம் விதிமுறைகள் வகுத்தது. அவசியமானவைதான். வேலி, மூடி, அறிவிப்புப் பலகை எல்லாம் அதில் உண்டு. துளையிடுபவரின் உயிர் பற்றிப் பேச்சில்லை.

கிணறு தோண்ட அனுமதி கட்டாயம் என்று 2024 மார்ச்சில் பெங்களூர் குடிநீர் வாரியம் அறிவித்தது. அந்த அனுமதியில் தரைச் சோதனை, பலகை, மின்கம்பி இடைவெளி என மூன்று நிபந்தனைகள் சேர்க்கப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. அடிக்கு எவ்வளவு என்று கேட்கும் வீட்டுக்காரர், பலகை எங்கே என்றும் கேட்கலாம்.