போர்க்கப்பலில் ஒரு பரிகாசம்

சம்பளம் வாங்கிக்கொண்டு நடிப்பவர்கள் ஒரு வகை. சம்பளம் வாங்காமல், கைப்பொருளையும் கொஞ்சம் செலவழித்து நடிப்பவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகையாரை உலகம் சற்று இளக்காரமாகவே பார்த்து வருகிறது. "அமெச்சூர்" என்றாலே அரைகுறை என்று பொருள் கொள்ளுகிறோம். ஆனால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஒரு சங்கீத நாடக மரபு முழுவதையும் இந்த "அரைகுறை"கள்தாம் பெரும்பாலும் காப்பாற்றி வருகிறார்கள் என்றால் நேயர்கள் வியப்படையக் கூடும்.

கில்பர்ட் எழுதி, ஸல்லிவன் இசை அமைத்த ஹாஸ்ய நாடகங்களையே குறிப்பிடுகிறோம். 1871-லிருந்து 1896 வரையில் இருவரும் சேர்ந்து 14 நாடகங்களை உண்டாக்கினார்கள். அவற்றுள் "ஹெச். எம். எஸ். பினபோர்" என்பது 1878-ம் வருஷம் மே மாதம் 25-ந் தேதி லண்டனில் அரங்கேறி, 571 தடவை நடந்தது. பினபோர் என்பது சிறுமிகள் கவுன் அழுக்காகாமல் மேலே அணியும் உடுப்பு. சாம்ராஜ்யத்தின் போர்க்கப்பல் ஒன்றுக்கு அந்தப் பெயரைச் சூட்டியதிலேயே பரிகாசம் தொடங்கிவிடுகிறது.

கதை மிகச் சுருக்கம். காப்டனுடைய மகள் சாதாரண மாலுமி ஒருவனைக் காதலிக்கிறாள். கடற்படை மந்திரியோ அவளை மணக்க விரும்புகிறார். இந்த மந்திரி கடலையே அறியாதவர். வக்கீல் ஆபீஸில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து, கட்சி சொன்னபடியெல்லாம் வோட்டுப் போட்டு, அந்தத் தகுதியினாலேயே கடற்படைக்குத் தலைவரானவர்! அப்போது உண்மையாகவே ஒரு புத்தக வியாபாரி இங்கிலாந்தின் கடற்படை மந்திரியாக இருந்தார். டபிள்யூ. ஹெச். ஸ்மித் என்ற அந்தக் கனவானை ஜனங்கள் "பினபோர் ஸ்மித்" என்றே அழைக்கலானார்கள். கடைசியில், வளர்ப்புத் தாயாக இருந்த ஒருத்தி, காப்டனையும் மாலுமியையும் குழந்தைப் பருவத்தில் தான் மாற்றிவிட்டதாக ஒப்புக்கொள்ளுகிறாள். அவ்வளவுதான்! அடுத்த க்ஷணமே மாலுமி காப்டன் ஆகிறான். காப்டன் மாலுமி ஆகிறார். பிறப்பினால் உயர்வு தாழ்வு பேசுகிறவர்களுக்கு இதைவிட நல்ல சவுக்கடி வேறு என்ன வேண்டும்?

ஊர்ச் சபைகள் இந்த நாடகத்தை விரும்புவதற்குக் காரணம் உண்டு. மாலுமிகளின் கோஷ்டி ஒன்று. மந்திரி எங்கு போனாலும் கூடவே வரும் சகோதரிகள், அத்தைமார்கள் கோஷ்டி ஒன்று. ஆகவே பள்ளி உபாத்தியாயினி, பாங்கிக் குமாஸ்தா, மருந்துக் கடைக்காரர், அவருடைய மனைவி எல்லோருக்கும் மேடையில் இடம் கிடைக்கிறது. காட்சியும் ஒன்றே, கப்பல் தளத்தை ஒரு முறை அமைத்துவிட்டால் போதும்.

ஆனால் எளிது என்று நினைத்துவிடக் கூடாது. கில்பர்ட் நெல்ஸனின் "விக்டரி" கப்பலுக்கே சென்று படம் வரைந்துகொண்டு வந்து, அதன்படி மேடையை அமைத்தவர். நடிகர் தம்மை ஹாஸ்யக்காரராக நினைத்துக்கொண்டு கண் சிமிட்டக் கூடாது. எத்தனை அபத்தமான வார்த்தையையும் முழு நம்பிக்கையோடு சொல்ல வேண்டும் என்பது அவருடைய கண்டிப்பு. அமெச்சூர் சபைகள் தவறி விழும் இடம் இதுதான். மந்திரி வேஷக்காரர் சபையைப் பார்த்துத் தாமே சிரித்துவிட்டால், பிறகு சபை எதற்காகச் சிரிக்க வேண்டும்? பாட்டிலும் அப்படியே. வார்த்தை காதில் விழாவிட்டால் ஸல்லிவனின் மெட்டு எஞ்சும். கில்பர்ட் கடலில் மூழ்கிவிடுவார்.

1961-ம் வருஷ முடிவில் இந்த நாடகங்களின் உரிமை காலாவதியாயிற்று. 1982-ல், இவற்றையே பரம்பரையாக நடத்தி வந்த டாய்லி கார்ட் கம்பெனி மூடப்பட்டது. பிற்பாடு அதே பெயரில் புது ஏற்பாடுகள் தோன்றினாலும், பழைய தொடர்ச்சி அறுந்துபோயிற்று. அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் பெரும்பாலும் ஊர்ச் சபையார்தாம். 1924-ல் தோன்றிய நியூயார்க்கின் "புளூ ஹில்" கோஷ்டி இன்றும் நாடகம் போட்டு, வருமானத்தைத் தர்மத்துக்குக் கொடுத்து வருகிறது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. பழையதைக் காப்பாற்றுவது என்றால் அப்படியே காப்பாற்றுவதா? 1885-ல் வந்த "மிகாடோ" ஜப்பானில் நடப்பதாகக் கதை. கில்பர்ட் கேலி செய்ததெல்லாம் ஆங்கில அதிகாரிகளைத்தான். ஜப்பான் வெறும் முகமூடி. ஆயினும் 1907-ல் ஜப்பானிய இளவரசர் ஒருவர் லண்டனுக்கு வந்தபோது, அவர் மனம் புண்படுமோ என்று அஞ்சி ஆங்கில அரசாங்கமே அதைச் சில வாரங்கள் நிறுத்திவைத்தது. 2015-ல் நியூயார்க் கம்பெனி ஒன்று, வெள்ளையர் முகத்தை மாற்றிக்கொண்டு ஆசியர் வேஷம் போடுவதைப் பலர் கண்டித்ததால், நடத்தவிருந்த நாடகத்தை ரத்து செய்தது. அடுத்த வருஷம் மாற்றி அமைத்து மேடையேற்றியது.

கலையில் கை வைக்கலாமா என்று சிலர் கோபிக்கிறார்கள். நம்முடைய அபிப்பிராயம் வேறு. பிறர் உருவத்தை வேடிக்கைப் பொருளாக்கினால் அந்தப் பிறருக்கு எப்படியிருக்கும் என்பது அயலார் ஆட்சியில் வாழ்ந்த ஜனங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முகமூடியை மாற்றினால் "மிகாடோ" செத்துவிடாது. அதன் உயிர் முகமூடியில் இல்லை, அதன் பின்னால் அகப்பட்டுக்கொண்ட அதிகாரிகளிடம் இருக்கிறது.

"பினபோர்" நாடகத்துக்கோ அந்தத் தொல்லையே கிடையாது. அது தன் நாட்டுக் கடற்படையை, தன் நாட்டு மந்திரியை, தன் நாட்டு ஜாதித் திமிரை, தன் நாட்டு மேடையிலேயே நிறுத்திச் சிரித்தது. சாம்ராஜ்யம் உச்ச நிலையில் இருந்த காலத்தில் அதைச் செய்தது. அந்தத் தைரியத்தை ஊர்தோறும் மாலை நேரத்து ஒத்திகைகளில் உயிரோடு வைத்திருப்பவர்களை அமெச்சூர்கள் என்று உலகம் சொல்லட்டும். அந்தப் பெயருக்கு இனி ஒரு மரியாதை உண்டு.