குகேஷுக்குத் திறந்த கதவு

டொரன்டோவில் 2024 ஏப்ரலில் நடந்த கேண்டிடேட்ஸ் சதுரங்கப் போட்டியில் 14 சுற்றுகளில் 9 புள்ளிகள் எடுத்து வென்றபோது சென்னையின் குகேஷுக்கு வயது 17. அவ்வளவு சிறிய வயதில் உலகப் பட்டத்துக்கு மோதும் தகுதியை அதற்குமுன் யாரும் பெற்றதில்லை. ஏழாவது சுற்றில் அலிரேசா ஃபிரோஜாவிடம் தோற்றும் அவர் துவளவில்லை.

அந்தப் போட்டிக்குள் அவர் நுழைந்ததே கடைசி நேரத்தில்தான். 2023 டிசம்பரில் தமிழக அரசின் ஆதரவோடு நடந்த சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டியின் வெற்றி அதற்குப் பெரிதும் உதவியது. அதற்கு முன்பே, மருத்துவரான தந்தை தொழிலை ஒதுக்கிவைத்து மகனோடு ஊர் ஊராகப் போனார். செலவுக்குக் குடும்ப நண்பர்கள் கைகொடுத்தார்கள்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படிப்பட்ட ஆதரவு வாய்க்காது. மாவட்டந்தோறும் தரமான போட்டிகளை நடத்தவும், ஏழைச் சிறுவர்களின் பயணச் செலவை ஏற்கவும் அரசு முன்வர வேண்டும்.