சேவை செய், ஏன் என்று கேட்காதே!

பாதிரியார் கஞ்சி ஊற்றினால் நல்லவர். பள்ளிக்கூடம் வைத்தால் நல்லவர். தொழுநோயாளியின் புண்ணைக் கழுவினால் மிகமிக நல்லவர். மந்திரி வந்து மாலை போடுவார், முதலாளி நன்கொடை கொடுப்பார், பத்திரிகைகள் படம் போடும். ஆனால், "இன்று கஞ்சிக்குக் கையேந்தி நிற்கிறவன் நேற்றுவரை நிலம் வைத்திருந்தானே, அந்த நிலம் எங்கே போயிற்று?" என்று அதே பாதிரியார் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால்? அன்று முதல் அவர் தேசத் துரோகி!

இது கற்பனை அல்ல. பாதிரியார் ஸ்டேன் சுவாமியின் வாழ்க்கை முழுவதும் இதுதான். 2021 ஜூலை 5 அன்று மும்பையில், 84 வயதில், விசாரணை தொடங்காத வழக்கின் கைதியாக அவர் உயிர்விட்டார். அதற்குப் பிறகு மெழுகுவர்த்திக்குக் குறைவில்லை. தியாகி என்கிறார்கள், புனிதர் என்கிறார்கள், ஏழைகளின் தொண்டர் என்கிறார்கள். மெத்தச் சரி. ஆனால் அந்த மனிதர் என்ன கேட்டார் என்பதைச் சொல்லும்போது மட்டும் பல மேடைகளில் தொண்டை கட்டிக்கொள்கிறது. அதனால்தான் நாம் எழுதுகிறோம்.

"பாதிரியாரைப் பற்றி நமது பத்திரிகையில் என்ன எழுத்து?" என்று சில தோழர்கள் முகம் சுளிக்கக்கூடும். கூலி கேட்டால் மோட்சத்தைக் காட்டுகிற பிரசங்கத்தை நாம் எதிர்த்து வந்திருக்கிறோம், இனியும் எதிர்ப்போம். அது வேறு. ஸ்டேன் சுவாமி மோட்சத்தைக் காட்டவில்லை, பட்டாவைக் காட்டினார்! அவர் கடைசி மூச்சு வரை ஏசு சபைக் குருவாகவே இருந்தார். அவரை நம்மவர் என்று உரிமை கொண்டாட நாம் வரவில்லை. அவருடைய பக்தி அவரை எந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது என்பதுதான் நமக்கு முக்கியம்.

அவர் நம் திருச்சி மாவட்டத்துக்காரர். விரகாலூரில் 1937-இல் பிறந்தார். 1957-இல் ஏசு சபையில் சேர்ந்தார். ஏசு சபை ஏழைச் சபை அல்ல; பெரிய கல்லூரிகள், பெரிய கட்டிடங்கள். படித்த குருவானவருக்கு அங்கே ஒரு நாற்காலியும் நிழலும் எப்போதும் உண்டு. வெளிநாட்டில் சமூகவியல் படித்தவர் இவர். பெங்களூரில் ஏசு சபையின் சமூக ஆய்வு நிலையத்துக்கு 1975 முதல் 1986 வரை தலைமை தாங்கினார். அங்கேயே இருந்து ஓய்வு பெற்றிருக்கலாம். அவரோ, வாலிபத்தில் ஆசிரியராகப் போய் ஆதிவாசிகளின் வாழ்வைக் கண்ணால் கண்ட சிங்பூம் பகுதிக்கே, இன்றைய ஜார்கண்டுக்கே, திரும்பிப் போனார். 2006-இல் ராஞ்சிக்கு அருகே நாம்கும் என்ற இடத்தில் 'பகைச்சா' என்ற மையம் எழுந்தது. பகைச்சா என்றால் தோட்டம். வழக்கில் மாட்டிக்கொண்ட ஆதிவாசிகளும், ஊரைவிட்டு விரட்டப்பட்டவர்களும் வந்து உட்கார்ந்து பேசுகிற இடம் அது.

ஜார்கண்டின் மண்ணுக்குக் கீழே இரும்பு, நிலக்கரி, யுரேனியம். மண்ணுக்கு மேலே முண்டா, ஹோ, சந்தால், ஓராவ் மக்கள். கீழே இருப்பதை எடுக்க வேண்டுமானால் மேலே இருப்பவனை அகற்ற வேண்டும். சுரங்க முதலாளிக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். ஆனால் இந்த நாட்டில் சில சட்டங்களும் இருக்கின்றன. அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணை ஆதிவாசிப் பகுதிகளுக்குத் தனிப் பாதுகாப்புச் சொல்கிறது. 1996-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பகுதிகளின் கிராம சபைக்கு அதிகாரம் கொடுக்கிறது. 1997-இல் ஆந்திராவின் சமதா வழக்கில், ஆதிவாசிப் பகுதி நிலத்தைத் தனியார் கம்பெனிக்குச் சுரங்கக் குத்தகைக்குக் கொடுப்பது செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்தது. 2013-இல், நிலத்துக்குச் சொந்தக்காரனுக்கே அதன் அடியிலுள்ள கனிமமும் சொந்தம் என்று சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் ஒரு தீர்ப்புச் சொன்னது.

ஸ்டேன் சுவாமி கேட்டது இதுதான்: இவற்றை ஏன் அமல் நடத்தவில்லை? எழுதினார், கூட்டத்தில் பேசினார், ஊர் ஊராகப் போய்ச் சட்டத்தைப் படித்துக் காட்டினார். வேறு ஒரு குண்டும் அவர் கையில் இல்லை. 1996-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு, அவர் சாகிற வரையில் ஜார்கண்டில் விதிகள்கூட வகுத்து முடிக்கவில்லை. இருபத்தைந்து வருஷம்!

ஆலைத் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மிகைநேர வேலைக்கு இரட்டைக் கூலி என்று சட்டத்தில் அச்சடித்திருக்கிறது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு மானேஜர் அறைக்குள் போனவன்தானே முதலில் கேட்டுக்கு வெளியே நிற்கிறான்? சட்டத்தை மீறியவன் உள்ளே இருக்கிறான், சட்டத்தைப் படித்தவன் வெளியே!

2017-லும் 2018-லும் ஜார்கண்டின் கூந்தி ஜில்லாவில் ஆதிவாசிகள் ஒரு காரியம் செய்தார்கள். இறந்தவர்களுக்குக் கல் நாட்டுவது அவர்கள் வழக்கம். அதேபோல ஊர் எல்லையில் பெரிய கற்களை நாட்டி, அரசியல் சட்டம் தங்களுக்குத் தந்த உரிமைகளை அவற்றில் எழுதிவைத்தார்கள். சர்க்காருக்கு வந்ததே கோபம்! ராஜத்துரோக வழக்குகள் பாய்ந்தன. முகநூலில் இதை ஆதரித்து எழுதியதற்காக 2018 ஜூலையில் 20 பேர் மீது வழக்கு. அதில் ஸ்டேன் சுவாமியும் ஒருவர். 2019 டிசம்பரில் வந்த புதிய சர்க்கார் தன் முதல் மந்திரிசபைக் கூட்டத்திலேயே இந்தக் கல் நாட்டு வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது.

102 பேரின் வாக்குமூலம்

அவர் செய்த காரியங்களில் எல்லாவற்றிலும் பெரியது எது என்று எங்களைக் கேட்டால், சிறைக் கைதிகளைப் பற்றிய ஆய்வைத்தான் சொல்வோம். மாவோயிஸ்டு என்ற முத்திரையோடு ஆயிரக்கணக்கான ஆதிவாசி இளைஞர்கள் ஜார்கண்டுச் சிறைகளில் கிடந்தார்கள். யார் இவர்கள், என்ன குற்றம், எத்தனை வருஷமாக உள்ளே என்று கேட்பாரில்லை. ஸ்டேன் சுவாமியும் அவரது தோழர்களும் 102 விசாரணைக் கைதிகளைத் தேடிப் போய்க் கேட்டார்கள். ஏறக்குறைய எல்லோருமே, தங்களுக்கும் மாவோயிஸ்டுகளுக்கும் சம்பந்தமில்லை என்றார்கள். பெரும்பாலோர் வக்கீல் வைக்க வகையில்லாத ஏழைகள்.

வாய்தா என்றால் என்ன என்று விவசாயத் தொழிலாளிக்குத் தெரியும். கூலிப் போராட்டத்தில் பண்ணையார் போடுகிற பொய் வழக்குக்கு, ஒரு நாள் கூலியை விட்டு, பஸ்ஸுக்குக் கடன் வாங்கி, தாலுகா கோர்ட்டு வேப்பமரத்தடியில் சாயங்காலம் வரை உட்கார்ந்து, "அடுத்த மாதம் வா" என்று கேட்டுவிட்டுத் திரும்புகிறவன் அவன். ஜாமீனில் இருப்பவன் பாடே இப்படி. ஜாமீனும் இல்லாமல் உள்ளே கிடப்பவன் குடும்பம் என்ன ஆகும்? நிலத்தை விற்கும். யாருக்கு நிலம் வேண்டுமோ அவனுக்கு அது போய்ச் சேரும். பொய் வழக்கும் ஒரு வகையான நில ஆர்ஜிதம்தான்!

ஆய்வு அறிக்கையை அச்சடித்து அலமாரியில் வைத்துவிட்டு அவர் பூசைக்குப் போகவில்லை. சுமார் 3,000 விசாரணைக் கைதிகளுக்காக ஜார்கண்டு உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். விசாரி, அல்லது விடு என்பதுதான் அந்த வழக்கின் சாரம். சர்க்காரையே எதிர்க்கட்சியாக வைத்த வழக்கு. தம்மைக் குறி வைத்ததற்கு இதுவே பெரிய காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

2018 ஆகஸ்டிலும் 2019 ஜூனிலும் அவருடைய அறையைப் போலீசார் சோதனை போட்டார்கள். 2020-இல் தேசியப் புலனாய்வு முகமை அவரை ஐந்து நாட்களில் பதினைந்து மணி நேரம் விசாரித்தது. அக்டோபர் 8 அன்று இரவு கைது. பீமா கோரேகாவ் வழக்கில் பதினாறாவது ஆள். புனேவுக்கு அருகே 2018 ஜனவரி 1 அன்று தலித் மக்கள் கூடிய இடத்தில் நடந்த கலவரத்தை ஒட்டி எழுந்த வழக்கு அது. அந்த ஊருக்கே போனதில்லை என்று அவர் சொன்னார். அவருடைய கம்ப்யூட்டரில் மாவோயிஸ்டுக் கடிதங்கள் இருந்தன என்றார்கள். அவை என்னுடையவை அல்ல என்று முகத்துக்கு நேரே மறுத்தார். அவர் இறந்து ஒன்றரை வருஷம் கழித்து, 2022 டிசம்பரில், தற்காப்புத் தரப்புக்காக அந்தக் கம்ப்யூட்டரின் பதிவுகளை ஆராய்ந்த அமெரிக்கச் சோதனைக்கூடம், யாரோ வெளியிலிருந்து புகுந்து அந்தக் கோப்புகளை வைத்திருக்கிறார்கள் என்று அறிக்கை கொடுத்தது. மாவோயிஸ்டுகளின் பாதை வேறு, நமது பாதை வேறு. அதைப் பலமுறை எழுதியிருக்கிறோம். ஆனால் நிலத்தைப் பற்றிக் கேட்டவனெல்லாம் மாவோயிஸ்டு என்றால், இந்த நாட்டில் மாவோயிஸ்டு இல்லாத உழவன் யார்?

ஒரு குவளையின் கதை

சிறைக்குப் போகும்போது அவருக்கு 83 வயது. பார்க்கின்சன் நோய். கை ஓயாமல் நடுங்கும். டம்ளரைத் தூக்கினால் தண்ணீர் வாய்க்குப் போகாது, மேலே கொட்டும். உறிஞ்சு குழலும் மூடி வைத்த குவளையும் வேண்டும் என்று நவம்பர் 6 அன்று மனுப் போட்டார். புலனாய்வு முகமை பதில் சொல்ல 20 நாள் கேட்டது. ஒரு குவளைக்கு இருபது நாள்! நவம்பர் 26 அன்று வந்த பதில் என்ன தெரியுமா? "அவரிடமிருந்து குவளை எதையும் நாங்கள் கைப்பற்றவில்லை." மனு மறுபடியும் தள்ளிப்போயிற்று. நாடு முழுவதிலுமிருந்து மக்கள் குழல்களையும் குவளைகளையும் பார்சல் கட்டித் தபாலில் அனுப்பத் தொடங்கினார்கள். எல்லா வசதியும் செய்து கொடுத்திருக்கிறோம் என்று சிறை அதிகாரிகள் பிறகு சொன்னார்கள். அப்படியானால் ஒரு கிழவர் தண்ணீர் குடிக்கக் கோர்ட்டுக்கு ஏன் மனுப் போட்டார்?

அந்தச் சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதத்தில் ஒரு செய்தி. வழக்கில் உடன் இருந்த அருண் ஃபெரைரா காலையிலும் மதியமும் சாப்பிட உதவினார். வெர்னான் கோன்சால்வஸ் குளிப்பாட்டினார். அறையில் கூட இருந்த இரண்டு கைதிகள் இரவு உணவுக்கு உதவினார்கள், துணி துவைத்தார்கள், முழங்கால் மூட்டைப் பிடித்துவிட்டார்கள். அந்த இருவரும் பரம ஏழைக் குடும்பத்தவர் என்று எழுதியிருக்கிறார். பிறருக்குத் தொண்டு செய்யவென்று குருப்பட்டம் வாங்கியவர், முன்பின் தெரியாத ஏழையின் கையால் தொண்டு பெற்றார். சேவை என்ற சொல்லை மேடையில் மென்று துப்புகிற கனவான்கள் தலோஜா சிறையின் அந்த அறையை ஒருதரம் எட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

2020 அக்டோபரில் மருத்துவக் காரணத்துக்காகக் கேட்ட ஜாமீன் மறுக்கப்பட்டது. கொள்ளை நோயைச் சாக்காக வைத்து வெளியே வரப் பார்க்கிறார் என்றது புலனாய்வு முகமை. 2021 மார்ச்சில் வழக்கமான ஜாமீனும் மறுக்கப்பட்டது. 2008-இல் திருத்தப்பட்ட சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில், போலீசார் எழுதியது மேலோட்டத்துக்கு மெய்போலத் தெரிந்தாலே ஜாமீன் கிடையாது. மே மாதம் பம்பாய் உயர்நீதிமன்றம் அவரை வீடியோவில் பார்த்தது. வந்தபோது நானே நடந்தேன், நானே சாப்பிட்டேன், நானே குளித்தேன். ஒவ்வொன்றாகப் போய்விட்டது என்றார். அரசாங்க ஆஸ்பத்திரி வேண்டாம், ராஞ்சியில் என் மக்களிடம் அனுப்புங்கள், இல்லாவிட்டால் இங்கேயே சாகிறேன் என்றார். மே 28 அன்று தனியார் மருத்துவமனைக்கு மாற்ற உத்தரவாயிற்று. அங்கே கொரோனா தொற்று இருப்பது தெரிந்தது. ஜூலை 5 அன்று அவருடைய ஜாமீன் மனு நீதிபதிகள் முன் வந்தபோது, மனுதாரர் இறந்துவிட்டார் என்று டாக்டர் சொன்னார்.

இவ்வளவுக்குப் பிறகும், "குருவானவருக்கு அரசியல் எதற்கு? ஜெபம் போதாதா?" என்று கேட்கிற பக்திமான்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்கிறோம்: ஐயா, நீங்கள் கும்பிடுகிறவர் எப்படிச் செத்தார்? படுக்கையிலா? இரவில் பிடித்துப் போனார்கள், அவசர அவசரமாக விசாரித்தார்கள், ராஜாவுக்கு எதிரி என்று குற்றம் சாட்டினார்கள், ராஜாங்கத்தின் சேவகர்கள்தானே ஆணி அடித்தார்கள்? கடைசி நாளில், சிறையில் கிடந்தவனைப் போய்ப் பார்த்தாயா என்று அவர் கேட்பார் என்று உங்கள் வேதம் சொல்கிறது. ஸ்டேன் சுவாமி போய்ப் பார்த்தார். ஒருவரையல்ல, 102 பேரை. பார்த்ததை எழுதியும் வைத்தார். நீங்கள் யாரைப் பார்த்தீர்கள்?

செத்த பிறகாவது விட்டார்களா? 2021 ஜூலை 19 அன்று நீதிபதி எஸ்.எஸ்.ஷிண்டே, இறந்தவரின் தொண்டின் மீது தங்களுக்கு மதிப்பு உண்டு என்று வாய்மொழியாகச் சொன்னார். புலனாய்வு முகமையின் வக்கீல் ஆட்சேபித்தார். நான்கு நாள் கழித்து, ஜூலை 23 அன்று, சொன்னதைத் திரும்பப் பெறுவதாக அதே நீதிபதி சொல்ல வேண்டியதாயிற்று. அந்த டிசம்பரில், செத்தவரின் பெயர் மீதுள்ள களங்கத்தைத் துடைக்க வேண்டும் என்று ஏசு சபையார் உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

நமது தமிழ்நாட்டில் என்ன நடந்தது? ஒருவர் தமது சொந்தப் பட்டா நிலத்தில், ஸ்டேன் சுவாமி உருவம் பொறித்த ஒரு கல்லை நாட்ட முயன்றார். தாசில்தார் நோட்டீஸ் விட்டுத் தடுத்தார்: மாவோயிஸ்டாம், சட்டம் ஒழுங்கு கெட்டுவிடுமாம்! 2024-இல் சென்னை உயர்நீதிமன்றம், அவர் மீது எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி அந்தத் தடையை ரத்து செய்தது. ஒரு கல்லை நடுவதற்கு மூன்று வருஷ வழக்கு!