உறக்கம் சோம்பலன்று

அதிகாலை மணி 5.30. வெளியே இன்னும் இருள் விலகவில்லை. அலாரம் இரண்டு முறை ஒலித்து ஓய்ந்துவிட்டது. "எழுந்திருப்பா, பள்ளிப் பேருந்து வந்துவிடும்" என்று அம்மா மூன்றாம் முறையாகக் குரல் கொடுக்கிறார். படிவம் நான்கில் பயிலும் மகனோ போர்வையை மேலும் இழுத்துப் போர்த்திக்கொள்கிறான். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதற்கெடுத்தாலும் சோம்பல்" என்கிறார் தாத்தா. மலேசியாவில் பல வீடுகளில் நாள்தோறும் காணும் காட்சி இது.

தாத்தாவின் சொல்லுக்கு நீண்ட மரபு உண்டு. மடியின்மை அதிகாரத்தில் வள்ளுவரே துயிலைக் கெடுவோர் விரும்பும் குணங்கள் நான்கனுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார். செய்ய வேண்டிய செயலை விட்டுவிட்டு அளவுக்கு மீறித் துயில்வது கேடுதான், அதில் ஐயமில்லை. ஆனால், இன்றைய பதின்ம வயதினரின் சிக்கல் அளவுக்கு மீறிய உறக்கமன்று. அளவுக்குக் குறைந்த உறக்கம். அதைச் சோம்பல் என்று அழைப்பது நோயைத் தவறாகக் கணித்து மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

மனித மூளையின் அடிப்பகுதியில், பார்வை நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்திற்குச் சற்று மேலே, ஏறக்குறைய 20,000 நரம்பணுக்களைக் கொண்ட ஒரு சிறு பகுதி உள்ளது. இதுவே உடலின் உயிர்க்கடிகாரம். கண் வழியாக வரும் ஒளியைக் கொண்டு இக்கடிகாரம் பகலையும் இரவையும் கணிக்கிறது. இருள் சூழ்ந்ததும் மூளையிலுள்ள பினியல் சுரப்பி மெலடோனின் என்னும் இயக்குநீரைச் சுரக்கிறது. "உறங்கும் நேரம் வந்துவிட்டது" என்று உடலுக்கு அறிவிக்கும் செய்தி அது.

பதின்ம வயதில் இக்கடிகாரம் பின்னோக்கித் தள்ளிப்போகிறது. மெலடோனின் சுரக்கும் நேரம் இரண்டு மணி நேரம் வரை தாமதமாகக்கூடும். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி கார்ஸ்கடன் இதைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர். ஆரம்பப்பள்ளியில் ஒன்பது மணிக்கே கண்ணயர்ந்த பிள்ளைக்குப் பதினைந்து வயதில் பத்தரை மணிக்கும் உறக்கம் வராததற்கு இதுவே முதன்மைக் காரணம். கைப்பேசியைக் கண்டறியாத எலி, குரங்கு போன்ற விலங்குகளிலும் பருவமடையும் வயதில் இத்தகைய மாற்றம் காணப்படுகிறது. ஆகவே, பழியை முழுவதும் கைப்பேசியின்மீது சுமத்திவிட முடியாது.

பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை உள்ளவர்களுக்கு நாள்தோறும் எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் தேவை என்று உறக்க மருத்துவ வல்லுநர்கள் பரிந்துரைக்கின்றனர். இரவு 11 மணிக்கு உறங்கி அதிகாலை 5.30 மணிக்கு எழும் மாணவருக்குக் கிடைப்பதோ ஆறரை மணி நேரம்தான். ஓர் இரவுக்குக் குறைந்தது ஒன்றரை மணி நேரம் பற்றாக்குறை. ஐந்து பள்ளி நாள்களில் அது ஏழரை மணி நேரமாகப் பெருகுகிறது. வெள்ளிக்கிழமை வகுப்பறையில் அமர்ந்திருப்பவர் ஏறக்குறைய ஓர் இரவு முழுவதும் உறங்காதவரின் உறக்கக் கடனைச் சுமந்துகொண்டு அமர்ந்திருக்கிறார்.

இந்நாட்டில் இக்கடனைக் கூட்டும் மற்றொரு காரணமும் உண்டு. தீபகற்ப மலேசியாவின் நேரம் 1982ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் முதல் அரை மணி நேரம் முன்தள்ளப்பட்டது. சபா, சரவாக் மாநிலங்களோடு நாடு முழுவதும் ஒரே நேரத்தைப் பின்பற்றுவதற்காக இம்மாற்றம் செய்யப்பட்டது. அன்றுமுதல் கோலாலம்பூரில் ஆண்டின் பெரும்பகுதியில் சூரியன் உதிப்பது ஏழு மணிக்கு மேல்தான். தாத்தா மாணவராக இருந்தபோது கடிகாரம் காட்டிய ஆறு மணியும், பேரன் இன்று காணும் ஆறு மணியும் ஒன்றல்ல. பேரனின் ஆறு மணி, தாத்தாவின் காலத்து ஐந்தரை மணி. சுவர்க் கடிகாரத்தின் முள்ளை நகர்த்திவிடலாம். ஒளியை நம்பி இயங்கும் உயிர்க்கடிகாரத்திற்கு அந்த முள் தெரியாது. விடியுமுன்னரே எழுப்பப்படும் மாணவரின் மூளை இன்னும் இரவில்தான் இருக்கிறது.

"குறைவாக உறங்கினால் என்ன? அந்த நேரத்தில் கூடுதலாகப் படிக்கலாமே" என்று சிலர் வாதிடுவர். எஸ்.பி.எம். தேர்வு நெருங்கும்போது இவ்வாதம் வலுப்பெறுகிறது. உறக்கம் வெறும் ஓய்வு என்று எண்ணுவதால் எழும் வாதம் இது. உறங்கும் மூளை ஓய்வதில்லை. 1953ஆம் ஆண்டு அசெரின்ஸ்கி, கிளைட்மன் ஆகிய இருவரும், உறக்கத்தின் சில கட்டங்களில் மூடிய இமைகளுக்குள் கண்கள் விரைந்து அசைவதைப் பதிவு செய்தனர். அப்போது மூளை விழித்திருப்பதைப் போலவே சுறுசுறுப்பாக இயங்குவதும் தெரியவந்தது. ஆழ்ந்த உறக்கமும் இந்தக் கனவு உறக்கமும் ஏறக்குறைய 90 நிமிடத்திற்கு ஒருமுறை மாறி மாறி வருகின்றன. முன்னிரவில் ஆழ்ந்த உறக்கம் மிகுதி. விடியற்காலையில் கனவு உறக்கம் மிகுதி. எனவே, அதிகாலை உறக்கத்தைக் கெடுத்துக்கொள்பவர் கனவு உறக்கத்தின் பெரும்பங்கை இழக்கிறார்.

பகலில் கற்றவை முதலில் மூளையின் ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதியில் பதிகின்றன. அவை நிலைபெறுவது உறக்கத்தின்போதுதான். 1994ஆம் ஆண்டு வில்சன், மெக்நாட்டன் ஆகிய ஆய்வாளர்கள், எலிகள் பகலில் நடந்த வழியைக் குறிக்கும் நரம்பணுக்கள் அவை உறங்கும்போது மீண்டும் சேர்ந்து இயங்குவதைக் கண்டனர். மூளை அன்றைய பாடத்தைத் தானே மீள்பார்வை செய்கிறது எனலாம். பின்னிரவு இரண்டு மணி வரை படித்துவிட்டு உறக்கத்தைக் குறைத்துக்கொள்வது, எழுதிய கட்டுரையைச் சேமிக்காமல் கணினியை அணைப்பது போன்றது.

காப்பியும் ஊக்கப் பானங்களும் இதற்குத் தீர்வாகா. விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் அடினோசின் என்னும் வேதிப்பொருள் சேர்கிறது. உறக்கம் கண்ணைச் சுழற்றுவது இதனால்தான். காப்பியிலுள்ள காஃபின், அடினோசின் சென்று சேர வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்கிறது, அடினோசினை அகற்றுவதில்லை. கடன்காரர் கதவைத் தட்டும்போது காதைப் பொத்திக்கொண்டால் கடன் தீர்ந்துவிடுமா?

அப்படியானால் தீர்வுதான் என்ன? அண்டை நாடான சிங்கப்பூரில் நன்யாங் பெண்கள் உயர்நிலைப்பள்ளி 2016ஆம் ஆண்டு தன் தொடக்க நேரத்தைக் காலை 7.30 மணியிலிருந்து 8.15 மணிக்கு மாற்றியது. "பள்ளி தாமதமாகத் தொடங்கினால் மாணவர்கள் இன்னும் தாமதமாகத்தானே உறங்குவர்" என்ற ஐயம் இத்தகைய மாற்றங்களின்போது எழுவது இயல்பு. ஆய்வாளர்கள் மாணவியரைத் தொடர்ந்து கவனித்தனர். ஒரு மாதத்திற்குப் பின், அவர்கள் பள்ளி நாள்களில் படுக்கையில் கழித்த நேரம் ஏறக்குறைய 23 நிமிடம் கூடியிருந்தது. ஒன்பது மாதங்களுக்குப் பின்னரும் அவர்களின் உறக்கம் முன்பைவிட ஏறக்குறைய 10 நிமிடம் கூடுதலாகவே இருந்தது. பகல் நேரத்து விழிப்புநிலையும் மனநலமும் மேம்பட்டிருந்தன.

இந்த எண்கள் இரு உண்மைகளை உணர்த்துகின்றன. பள்ளி நேரத்தை மாற்றுவது பயன் தருகிறது. அதே வேளையில், பள்ளி கொடுத்த 45 நிமிடமும் உறக்கமாக மாறிவிடவில்லை. பள்ளி மட்டும் மாறினால் போதாது. வீடும் மாணவரும் மாற வேண்டும்.

மேலும், மலேசியாவில் பெற்றோரின் வேலை நேரம், போக்குவரத்து நெரிசல், சில பள்ளிகளில் உள்ள பிற்பகல் வகுப்புகள் ஆகியவற்றால் தொடக்க நேரத்தை மாற்றுவது எளிதன்று. இருப்பினும், யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் இன்றே செய்யக்கூடியவை பல உள்ளன. இரவு பத்து மணிக்கு முடியும் டியூஷன் வகுப்பு தேவைதானா என்று பெற்றோர் சிந்திக்கலாம். பின்னிரவில் புலனக் குழுவில் வீட்டுப்பாடம் அனுப்புவதை ஆசிரியர்கள் தவிர்க்கலாம். உறங்குவதற்கு ஒரு மணி நேரத்திற்கு முன்பே மாணவர்கள் கைப்பேசியைக் கூடத்தில் வைத்துவிடலாம். திரையின் ஒளி, ஏற்கெனவே தாமதமாகச் சுரக்கும் மெலடோனினை மேலும் தாமதப்படுத்தும். விடுமுறை நாள்களில் நண்பகல் வரை உறங்காமல், காலை வெயிலில் சிறிது நேரம் நடந்தால் உயிர்க்கடிகாரம் நேர்ப்படும்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும். கல்வி என்னும் சித்திரத்திற்கு மூளையே சுவர். அச்சுவரை இரவுதோறும் செப்பனிடும் பணியை உறக்கம் செய்கிறது. நாளை அதிகாலையிலும் அம்மா குரல் கொடுப்பார். மகன் போர்வையை இழுத்துக்கொள்வான். அப்போது தாத்தா அவனிடம் கேட்க வேண்டிய கேள்வி, "ஏன் இன்னும் எழவில்லை?" என்பதன்று, "நேற்றிரவு எத்தனை மணிக்கு உறங்கினாய்?" என்பதே.